விளையாட்டுத் தளங்களின் நேரடி ஒளிபரப்பும் அதன் குறைகளும்

கணினியில் ஒருவர் விளையாடுவதை வேறோர் ஊரில் இருப்பவர் அப்பொழுதே பார்ப்பது இன்று எளிதாகிவிட்டது. இவ்வசதியைத் தன்னுள்ளேயே கொண்ட தளங்களுள் ஒன்று, அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம். 2014 டிசம்பரில் இது சோதனை முறையில் தொடங்கப்பட்டது. தனி மென்பொருள் வேண்டியதில்லை. நண்பர் ஒரு பொத்தானைச் சொடுக்கினால் போதும். கேட்பதற்கு இனிமைதான்.

படம் எவ்வாறு செல்கிறது என்று பார்ப்போம். விளையாட்டை நடத்தும் அதே கணினிதான் ஒவ்வொரு காட்சியையும் சுருக்கி அனுப்பவும் வேண்டும். எளிய கணினியாயின் விளையாட்டே தடுமாறும். காட்சிகள் சிறு துண்டுகளாகச் சேர்த்து அனுப்பப்படுவதால் பார்ப்பவருக்குச் சில விநாடிகள் பிந்தியே தெரியும். "பின்னால் வண்டி வருகிறது!" என்று நாம் எச்சரிப்பதற்குள் மோதி முடிந்திருக்கும்.

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: வாய்க்கால் குறுகலானால், கடல் எவ்வளவு பெரிதாயினும் பாத்தி மெதுவாகவே நிறையும். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் உள்ளே வரும் வழி அகலம். வெளியே அனுப்பும் வழி குறுகல்.

இப்பொழுது ஒரு கணக்கு. ஸ்டீம் ஒளிபரப்பின் உச்ச அளவு விநாடிக்கு 3,500 கிலோபிட். ட்விச் தளம் 6,000 வரை ஏற்கும். ஆகவே வேகமான காட்சிகளில் ஸ்டீமின் படம் கட்டம் கட்டமாகக் கலங்கும். இந்தக் குறைந்த அளவே 3,500 ÷ 8 = 437.5 கிலோபைட், ஒரு மணிக்கு 3,600 விநாடி என்று பெருக்கினால் ஒன்றரை ஜிபிக்கும் மேல்! தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜ் செய்யும் வீட்டில் அன்றைய கணக்கு அத்தோடு தீர்ந்தது. பிறகு தம்பி பாடம் பார்ப்பது எப்படி?

2022-இல் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. செஸ் நகர்வை அனுப்ப இரண்டு மூன்று எழுத்துகளே போதும். ஓடும் படத்திற்கு அந்தச் சலுகை இல்லை.

ஸ்டீம் ஒளிபரப்பு முடிந்தால் அது சேமிக்கப்பட்டிருக்காது. பதிவு செய்யும் வசதி 2024-இல்தான் தனியாக வந்தது. முகத்தையும் காட்ட விரும்புவோர் ஓபிஎஸ் போன்ற மென்பொருளையே நாடுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் மிக்ஸர், எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸ் 10-இலும் இணைந்தே வந்தது. தாமதம் ஒரு விநாடிக்கும் குறைவு. ஆயினும் 22-7-2020 அன்று மூடப்பட்டது. நம்பியிருந்தவர்கள் வேறிடம் தேடினர்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது மைக்தான். என் பெரியம்மா மகன் ஒரு தளத்தில், யாரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் ஒளிபரப்பிக்கொண்டிருந்தான். கேஸ் சிலிண்டர்காரருக்குப் பெரியம்மா போனில், "பெரிய முதலியார்சாவடி, இரண்டாவது தெரு" என்று வழி சொன்னார்கள். சிறிது நேரத்தில் முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து திரையில் ஒரு கேள்வி: "இரண்டாவது தெருவில் எந்த வீடு?"

நாங்கள் உறைந்துபோனோம். "வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கேன், இந்தப் பெட்டிக்கு எங்கேடா தாழ்ப்பாள்?" என்றார்கள் பெரியம்மா. மைக்கை அணைக்கும் இடத்தை அண்ணன் கண்டுபிடிப்பதற்குள் சிலிண்டரே வந்து இறங்கிவிட்டது.