72 மணி நேரமும் கடைக்காரரின் நாணயமும்

வியாபாரத்துக்கு முதல் இரண்டு வகை. ஒன்று, பெட்டியில் உள்ள ரொக்கமும் கடையில் உள்ள சரக்கும். மற்றொன்று, ஊரார் நம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. முன்னது குறைந்தால் கைமாற்று வாங்கியாவது சமாளிக்கலாம். பின்னதைக் கடனாகக் கொடுப்பார் எவருமில்லை. இதை நம் வியாபாரப் பெருமக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இந்த இரண்டாவது முதலுக்கு இப்பொழுது கணினியின் வழியே ஓர் ஆபத்து வந்திருக்கிறது. அதைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

“கணினித் திருடர்கள் கோலாலம்பூரில் உள்ள பெரிய வங்கிகளை அல்லவா தேடிப் போவார்கள்? புலாவ் செபாங்கில் மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்திருப்பவரிடம் என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். நம் கடைகளில் இருப்பதைச் சற்றே கணக்கெடுப்போம். கல்யாணச் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்தவர்களின் பெயர், வீட்டு விலாசம், கைப்பேசி எண். கணினியில் ஏற்றிய பற்று வரவு. வெளிநாட்டுச் சிப்பந்திகளின் பாஸ்போர்ட் நகல். இ-இன்வாய்ஸ் போடுவோரிடம் வாங்குபவரின் வரி எண், அடையாள அட்டை எண். இவையெல்லாம் பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதப் பொருள்கள். இவை களவு போனால் நட்டம் நமக்கு மட்டும் அன்று. நம்மை நம்பிக் கொடுத்தவர்களுக்கும் உண்டு.

இக்காலத் திருட்டில் மூன்று போக்குகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பூட்டிவிட்டுப் பணம் கேட்பது. திருடன் நம் கணினியில் உள்ள கணக்குகளைத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பிணைப்பணம் கேட்கிறான். பல சமயங்களில் பூட்டுவதற்கு முன்பே ஒரு நகல் எடுத்துக் கொள்கிறான். “பணம் தராவிட்டால் ஊரறிய வெளியிடுவேன்” என்று மிரட்டுவதற்கே அந்த நகல். 2025 மார்ச்சில் நம் நாட்டு விமான நிலையங்களை நடத்தும் நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. திருடர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள் என்றும், அதைக் கொடுக்கத் தாம் மறுத்துவிட்டதாகவும் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பொதுமேடையிலேயே அறிவித்தார்.

இரண்டாவது, பக்கத்து வீட்டு வாசல் வழியாக நுழைவது. 2019 செப்டம்பரில், அப்பொழுது மலிண்டோ ஏர் என்ற பெயரில் இருந்த விமான நிறுவனத்தின் பயணிகள் விவரம் வெளியேறியது. அதற்கு இணைய வியாபாரச் சேவை செய்துவந்த வேறொரு நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்கள் இருவரே காரணம் என்று விமான நிறுவனம் அறிவித்தது. நம் கடைக்கணக்கை ஏற்றியிருக்கும் மென்பொருளும், நாம் பணம் வாங்கும் இயந்திரமும் இவ்வாறே பிறர் கையில் உள்ளவை.

மூன்றாவது, முகமூடி அணிந்து வருவது. களவுபோன பெயரையும் எண்ணையும் வைத்துக்கொண்டு, வங்கியிலிருந்து பேசுவதாகவும் போலீஸிலிருந்து பேசுவதாகவும் அழைக்கிறார்கள். செயற்கை அறிவைக் கொண்டு, அறிந்த ஒருவரின் குரலைப் போலவே பேச வைக்கவும் இப்பொழுது முடிகிறது.

இதனால் பாதுகாப்புத் தொழிலில் உள்ளவர்களின் எண்ணமும் மாறியிருக்கிறது. முன்பு “எவ்வளவு உயரமான சுவர் வேண்டும்?” என்று கேட்டார்கள். இப்பொழுது அதோடு, “சுவரைத் தாண்டிவிட்டால் முதல் நாளில் என்ன செய்வீர்கள், வாடிக்கைக்காரருக்கு என்ன சொல்வீர்கள்?” என்றும் கேட்கிறார்கள். பொதுமக்கள் தொடர்பு என்பது விளம்பரத்தோடு நின்ற காலம் போய்விட்டது. களவு நடந்த நாளில் பேசும் பேச்சே அதில் பெரும் பகுதி.

இதற்கு நம் நாட்டிலேயே உதாரணங்கள் உண்டு. 2017 அக்டோபரில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியேறியிருப்பது தெரிய வந்தது. நாட்டின் ஜனத்தொகையைவிட இது அதிகம். அந்த விவரங்கள் 2014 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. தம் எண் களவு போனதை மக்கள் தாம் சந்தா கட்டிய நிறுவனங்களிடமிருந்து முதலில் அறியவில்லை. லோயாட் என்னும் இணையத் தளம் வெளியிட்ட செய்தியால் அறிந்தார்கள்.

மற்றொன்று, வியாபாரிகளுக்காகப் பணம் வசூலித்துத் தரும் ஐபே88 நிறுவனத்தின் விஷயம். கணினியில் சந்தேகத்துக்குரிய நடமாட்டம் பற்றி அந்நிறுவனம் 2022 மே 31 இல் விசாரணை தொடங்கியது. அட்டை விவரங்கள் வெளியேறியிருக்கலாம் என்று பொதுமக்களுக்கு அறிவித்தது ஆகஸ்டு 11 இல். இடையில் 72 நாட்கள். அக்காலத்தில் உடனே அறிவிக்க வேண்டும் என்று நம் தனிநபர் தரவுச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. ஆனால் அட்டை வைத்திருந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தால் அவர் வங்கிக்குச் சொல்லி அட்டையை மாற்றியிருப்பார்.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2018 இல் சிங்ஹெல்த் மருத்துவ நிறுவனத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரம் களவு போயிற்று. ஜூலை 10 இல் களவு என்று உறுதிப்பட்டது. ஜூலை 20 இல் அமைச்சர்களே மக்கள் முன் வந்து சொன்னார்கள். நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பப்பட்டது. பாதுகாப்பில் குறை இருந்ததற்காக மறு ஆண்டில் அந்நிறுவனத்துக்கும் அதன் கணினிகளைப் பார்த்துவந்த நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. உண்மையைச் சொல்வது குற்றத்தை மன்னிக்கச் செய்வதில்லை. ஆனால் பிறர் தம்மைக் காத்துக்கொள்ள நாட்களைக் கொடுக்கிறது.

இப்பொழுது நம் நாட்டிலும் சட்டம் மாறிவிட்டது. 2010 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024 இல் திருத்தப்பட்டது. கசிவை அறிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. வாடிக்கைக்காரருக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவானாலும், ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரின் விவரம் வெளியேறினாலும், 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். தீங்கு அடையக்கூடியவர்களுக்கு அதிலிருந்து 7 நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஆணையருக்கு அறிவிக்கத் தவறினால் 2,50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஐபே88 விஷயத்தில் 72 நாட்கள் கழிந்தன. இன்று சட்டம் தருவது 72 மணி நேரம்.

“சொல்லிவிட்டால் எதிர்க்கடைக்காரர் அதையே சொல்லி நம் வாடிக்கையைப் பறித்துக் கொள்வாரே” என்பது நியாயமான அச்சந்தான். ஆனால் நம் ஊரில் எது மறைந்து நிற்கும்? புலாவ் செபாங்கில் காலையில் நடந்தது மாலைக்குள் தம்பின் கடைகளிலும் பேசப்படும். வாடிக்கைக்காரருக்குத் திருடன் தொலைபேசியில் பேசி, அவர் வாங்கிய சரக்கின் விவரத்தையும் சொல்வானாயின், அது எங்கிருந்து போயிற்று என்று அவருக்கே விளங்கிவிடும். அப்பொழுது “களவு கொடுத்தவர்” என்ற பெயர் போய் “மறைத்தவர்” என்ற பெயர் வரும். முன்னதற்கு இரக்கம் உண்டு, பின்னதற்கு இல்லை.

ஆகவே நம் வியாபாரிகள் இன்றே செய்து வைக்க வேண்டியவை ஐந்து.

1. எந்த விவரம் எந்தக் கணினியில், எந்தக் கைப்பேசியில், எவர் கையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சட்டப்படியோ வியாபாரத்துக்கோ தேவையில்லாத பழைய விவரங்களை அழித்து விடுங்கள். இல்லாத பொருள் களவு போகாது.

2. கணக்கின் நகலொன்றைக் கணினியோடு இணைக்காமல் தனியே வையுங்கள். பூட்டிவிட்டுப் பணம் கேட்பவனுக்கு இதுவே முதல் பதில்.

3. மென்பொருள் கொடுத்தவரிடம், “உங்களிடம் களவு நடந்தால் எத்தனை மணி நேரத்தில் எனக்குச் சொல்வீர்கள்?” என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. ஆபத்து நாளில் பேசுபவர் ஒருவரே என்று முடிவு செய்யுங்கள். கல்லாவில் இருக்கும் சிப்பந்தி “அப்படியொன்றும் இல்லை” என்று சொல்ல, முதலாளி வேறு சொன்னால் இரண்டையும் எவரும் நம்பார்.

5. அறிவிப்பை முன்கூட்டியே எழுதி வையுங்கள். தமிழில் மட்டுமின்றி மலாயிலும் இருக்கட்டும். நம் வாடிக்கைக்காரர் எல்லா இனத்தவரும் அல்லவா?

அறிவிப்பு இவ்வாறு இருக்கலாம்: “எங்கள் கடைக் கணினியில் இன்ன தேதியில் அந்நியர் நுழைந்ததை அறிந்தோம். உங்கள் பெயரும் கைப்பேசி எண்ணும் வெளியேறியுள்ளன. வேறு விவரம் போயிற்றா என்று பார்த்து வருகிறோம், தெரிந்ததும் சொல்வோம். ஆணையருக்கும் போலீஸுக்கும் தெரிவித்துள்ளோம். எங்கள் பெயரில் எவரேனும் பணமோ இரகசிய எண்ணோ கேட்டால் கொடுக்க வேண்டாம். பணம் பறிபோயிருந்தால் உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள். எங்களிடம் கேட்க இன்ன எண்.”

இதில் “பயப்பட ஒன்றுமில்லை” என்ற வாசகம் இல்லாததைக் கவனியுங்கள். முழு விவரமும் தெரியுமுன் அப்படிச் சொல்லி, பிறகு மாற்றிச் சொல்ல நேர்ந்தால், அடுத்த சொல்லுக்கு மதிப்பு இராது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்வதே போதும். பழுதான சரக்கைப் பழுது என்று சொல்லி விற்பவரிடமே ஊரார் மறுபடியும் வருகிறார்கள். களவுபோன விவரத்திலும் வழக்கம் அதுவேயாகட்டும்.