துக்கத்துக்குப் படிகள் உண்டா?

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் கடலைக் கலக்கியது. அதற்கு முன்பே திருவனந்தபுரம் கரையில் இருந்து படகுகள் கடலுக்குப் போயிருந்தன. பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர் பலர் திரும்பவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களுக்கும் இதே கதிதான்.

பெண்கள் கரையில் காத்து நின்றார்கள். சில உடல்கள் கிடைத்தன. அடையாளம் தெரியாத உடல்களுக்கு மரபணுச் சோதனை செய்தார்கள். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை.

உடல் கிடைத்த வீட்டில் அடக்கம் நடந்தது. உறவினர் கூடி அழுதார்கள். கிடைக்காத வீட்டில்? அழுதால், அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டது போல் ஆகும். அழாமல் இருக்கவும் முடியாது. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் கரை சேர்ந்து பிழைத்தவர்கள் இருந்தார்கள். அதனால் வீட்டார் நம்பிக்கையோடு காத்திருந்ததில் தவறில்லை.

காணாமல் போனவரை ஏழு ஆண்டு கழிந்த பிறகே இறந்தவராகக் கருதுவது சட்ட வழக்கம். அதுவரை காக்க வைக்காமல் கேரள அரசு அந்தக் குடும்பங்களுக்கும் உதவித் தொகை கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட எந்த மனைவிக்குக் கை வரும்?

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று பலர் சொல்வார்கள். முதலில் "இருக்காது" என்று மனம் மறுக்கும். பிறகு கோபம் வரும். அடுத்தது பேரம். "ஆளைத் திருப்பிக் கொடு, நேர்ச்சை செலுத்துகிறேன்" என்று கடவுளிடம் கேட்பது போல. பிறகு சோர்வு. கடைசியில் மனம் ஏற்றுக்கொள்ளும்.

எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் 1969இல் எழுதிய நூலில் இந்த ஐந்தும் வந்தன. அவர் பேசியது சாகும் நிலையில் இருந்த நோயாளிகளிடம். அவர்கள் மனநிலையைத்தான் எழுதினார். பிறகு அதையே, உறவினரை இழந்தவர்களுக்கும் பொருத்திவிட்டார்கள்.

அமெரிக்காவில் உறவினரை இழந்த 233 பேரை ஆராய்ந்தார்கள். முடிவு 2007இல் வெளிவந்தது. சாவை ஏற்றுக்கொள்ளும் மனம் பலரிடம் தொடக்கத்திலேயே இருந்தது. அவர்களை அதிகம் வாட்டியது கோபம் அல்ல, ஏக்கம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நோயால் இறந்தவர்களின் உறவினர். கடல் கொண்டுபோனவர் வீட்டுக்கு அந்தக் கணக்கும் சரிவராது.

விலங்குகள் எப்படி? கன்று செத்தால் பசு கத்தும். பால் சுரக்காது. அதனால் கன்றின் தோலில் வைக்கோல் திணித்துப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பசு அதை நக்கும், பால் இறங்கும். இதை மறுத்தல் என்று சொல்லலாமா? பசுவைக் கேட்டால் அல்லவா தெரியும்!

2018இல் அமெரிக்காவின் மேற்குக் கடலில் ஓர் ஓர்காத் திமிங்கலம் செத்த குட்டியை 17 நாள் சுமந்து நீந்தியது. வட வங்கத்தின் தேயிலைத் தோட்டங்களில் யானைகள் செத்த குட்டிகளைப் பள்ளத்தில் இட்டு மண் மூடின. 2022, 2023 ஆண்டுகளில் இப்படி ஐந்து குட்டிகள். ஒன்று சுமக்கிறது, ஒன்று புதைக்கிறது. இவற்றில் ஐந்து படிகளை யாரும் கண்டதில்லை.

ஏழாம் நாள் பூசை, பதினாறாம் நாள் காரியம் என்று ஊர் நாள் குறிக்கிறது. உறவு கூடி வர அது உதவும். மனம் அந்த நாளுக்குள் ஆறிவிடும் என்பதில்லை. ஒரு வருடம் கழித்து, மீன் குழம்பு வாசனையில் அழுகை வரலாம். அது நோய் அல்ல.

ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் சிறிதும் குறையாமல் இருக்கலாம். அன்றாட வேலையே செய்ய முடியாமல் போகலாம். அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் மனநல உதவி கிடைக்கும். கட்டணம் இல்லை. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.