தவடை வலி: வீட்டில் சொல்வதும் மருத்துவம் சொல்வதும்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் உருள்வதுதான் தாடை மூட்டு. முதலில் கதவுக் கீல்போலத் திரும்பும், பிறகு முன்னால் வழுக்கும். மண்டை எலும்புக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய வில்லை ஒன்று மெத்தையாக இருக்கிறது. சித்தூர், திருப்பதிப் பக்கம் தமிழில் தாடையைத் தவடை என்கிறோம், தெலுங்கில் தவட என்கிறார்கள். பதின்மூன்று, பதினாலு வயதுப் பெண் "தவடை வலிக்குதும்மா" என்றால், இரண்டு மொழி வீடுகளிலும் கிடைக்கும் பதில்களில் பல தவறானவை.

நம்பிக்கை: படிப்புக்குப் பயந்து சொல்கிற சாக்கு.

உண்மை: வலி நிஜம். சுவீடனில் 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களிடம் கேட்டபோது பெண்களில் நூற்றுக்கு 6 பேரும், ஆண்களில் 2.7 பேரும் இந்த வலி உண்டு என்றார்கள். சின்ன வயதில் ஆண், பெண் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பருவமடையும்போதுதான் பெண்களின் எண்ணிக்கை ஏறுகிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் லிண்டா லெரெஷ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வயதைவிட உடலின் பருவ வளர்ச்சியே வலியோடு நெருங்கிப் பொருந்தியது. அந்த வளர்ச்சியோடு ஆண் பிள்ளைகளுக்கும் முகவலி கூடியது. ஹார்மோன் மாற்றத்தோடு தூக்கக் குறைவும் மனக்கவலையும் சேர்ந்தால் வலி வலுக்கும். திருப்பதி விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை, தன்னை அறியாமல் பல்லைக் கடித்தபடியே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். சாக்கு என்று தள்ளினால் அந்தக் கவலைதான் இன்னும் ஏறும்.

நம்பிக்கை: தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி.

உண்மை: பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பள்ளியில் தருகிற பூச்சி மாத்திரையைத் தவறாமல் போடுங்கள், அது ரத்தசோகையைத் தடுக்க உதவும். பல் கடிப்பது மூளையின் தூக்க ஓட்டத்தோடு சம்பந்தப்பட்டது. காலையில் தாடை இறுகி, பொட்டில் வலி இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம்பிக்கை: 'டொக்' என்று சத்தம் வந்தால் மூட்டு நழுவிவிட்டது, கட்டுப் போட்டால் சரியாகும்.

உண்மை: கை, கால் முறிந்தால் புத்தூர் கட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்கள். அந்தப் பெயரால்தான் தவடைக்கும் கட்டு என்ற நினைப்பு நமக்கு எளிதாக வருகிறது. ஆனால் சத்தம் பெரும்பாலும், நடுவில் உள்ள வில்லை முன்னால் போய்த் திரும்பும்போது எழுவது. முறிவு இல்லாத இடத்தில் கட்டுக்கு வேலையில்லை. வலியும் இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் சத்தத்துக்குச் சிகிச்சையே வேண்டாம்.

குழந்தை முகவாய் அடிபட விழுந்தால் கதை வேறு. காதோரத்தில் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் நெடுநாள் கட்டிவைத்தால் மூட்டு ஒட்டிக்கொண்டு வாய் திறக்காமல் போகும் ஆபத்து உண்டு. அந்தப் பக்கத்து வளர்ச்சி தடைப்பட்டால், பருவ வயதில் முகம் வேகமாக வளரும்போது முகவாய் ஒரு பக்கம் கோணும். அதனால் அடிபட்ட அன்றே படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: பல்லுக்குக் கிளிப் போட்டால் வலி போய்விடும். அல்லது, கிளிப் போட்டதால்தான் வந்தது.

உண்மை: இரண்டும் இல்லை. 1934இல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மருத்துவர், கடைவாய்ப் பல் இழந்து கடி தாழ்வதே காரணம் என்று எழுதினார். அந்த எண்ணம் பல்லாண்டுகள் கோலோச்சியது. பின்னால் வந்த ஆய்வுகளில், கிளிப் இந்த நோயை உண்டாக்குவதாகவோ தீர்ப்பதாகவோ தெரியவில்லை. பல் வரிசைக்காகக் கிளிப் போடலாம். தாடை வலிக்காகப் பல்லை ராவச் சம்மதிக்காதீர்கள், ராவிய பல் திரும்பி வளராது.

நம்பிக்கை: கரும்பு கடித்தால் தவடை பலப்படும்.

உண்மை: நொந்த தசைக்கு ஓய்வுதான் மருந்து. சில வாரங்கள் கரும்பு, முறுக்கு, சூயிங்கம் வேண்டாம். நம் வீட்டு ராகிக் களியே போதும். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். 'உதடு சேரட்டும், பல் சேராதிருக்கட்டும்' என்று பிள்ளைக்குப் பழக்குங்கள். பெரும்பாலோருக்கு இவ்வளவிலேயே வலி குறையும். அறுவை சிகிச்சை மிக அபூர்வம்.

இன்று சாப்பிட உட்காரும் முன், பிள்ளை தன் மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலோ, திறக்கும்போது முகவாய் ஒரு பக்கம் போனாலோ, காய்ச்சலோ வேறு மூட்டில் வீக்கமோ இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மூன்று விரலும் நுழைந்து, மற்ற அறிகுறிகளும் இல்லாவிட்டால் பயம் வேண்டாம். ஆனாலும் எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காது கொடுங்கள்.