மண்ணில் என்ன குடிக்கிறது தமிழ் மறவன்?

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஓடைக்கரை ஈரமணலில் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. பூவை விட்டுவிட்டு மண்ணில் அவற்றுக்கு என்ன வேலை?
- வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: இறக்கையின் ஓரம் கறுப்பாக இருந்ததா? அப்படியானால் அது தமிழ் மறவனாக இருக்கக்கூடும். 2019-இல் தமிழக அரசு நமது மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது இதைத்தான். தென்னிந்திய மலைக்காடுகளிலும் இலங்கையிலும் வாழ்கிறது.

பூந்தேனில் சர்க்கரை உண்டு, உப்பு மிகக் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஈரமண்ணில் உறிஞ்சுகுழலை நீட்டுகின்றன. இப்படி இறங்குபவை பெரும்பாலும் ஆண்கள். சேர்த்த உப்பில் ஒரு பங்கு, இணைசேரும்போது பெண்ணுக்குப் போய், முட்டைகளுக்கும் சேர்கிறது என்று பல பட்டாம்பூச்சி இனங்களில் கண்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. அடுத்த தலைமுறைக்கான சீதனத்தை ஓடைக்கரையிலிருந்து தந்தை எடுத்து வருகிறது!

தமிழ் மறவனின் புழு நீரடிமுத்து மரத்தின் இலையைத் தின்று வளர்கிறது. ஒருகாலத்தில் தொழுநோய்க்கு மருந்தாக எண்ணெய் தந்த அதே மரம்தான். ஓடையோரங்களில் வளரும் அந்த மரங்களை வெட்டிவிட்டால், எத்தனை பூந்தோட்டம் வைத்தாலும் தமிழ் மறவன் அங்கே பெருகாது.

அடுத்த முறை அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். படத்துக்காக விரட்டிப் பறக்கவிட வேண்டாம். ஓடைக்குள் வண்டியையும் இறக்க வேண்டாம்.