மெய்நிகர் இயந்திரமும் வன்பொருட் பொருந்தாமையும்: பழுதறியும் முறை

க.பொ.த. (உயர் தரம்) – தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல்
பணிசெயல் முறைமை அலகுக்கான துணைப் பாடம்

முதலில் ஒரு வினாவைப் பார்ப்போம்.

கணினி ஒன்றில் ரியல்ரெக் வகை வலையமைப்பு இடைமுக அட்டை பொருத்தப்பட்டுள்ளது. அதில் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளினூடாக விண்டோஸ் எக்ஸ்பி நிறுவப்பட்டது. எக்ஸ்பியானது வலையமைப்பு அட்டையை இனங்காணவில்லை. மாணவன் ஒருவன் ரியல்ரெக் அட்டைக்குரிய செலுத்தியைத் தேடியெடுத்து எக்ஸ்பியினுள் நிறுவுகின்றான். பழுது தீருமா? காரணம் தருக.

"தீரும்" என எழுதுபவருக்குப் புள்ளி கிடையாது. "தீராது" என்று மட்டும் எழுதுபவருக்கு அரைவாசிப் புள்ளிதான். காரணத்தை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். இக்காரணம் விளங்கிவிட்டால் பின்வரும் பழுதுகள் எல்லாவற்றுக்கும் நீங்களே விடை கண்டுவிடலாம்.

இரண்டு கணினிகள்

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினியினுள் மென்பொருளால் ஆக்கப்பட்ட இன்னொரு கணினி ஆகும். மேசையில் இருக்கும் உண்மைக் கணினியின் பணிசெயல் முறைமை விருந்தோம்பி எனப்படும். மெய்நிகர் இயந்திரத்தினுள் நிறுவப்படும் பணிசெயல் முறைமை விருந்தினர் எனப்படும். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது மெய்நிகராக்கல் மென்பொருள். வேர்ச்சுவல்பொக்ஸ், வீ.எம்.வெயார், ஹைப்பர்-வீ என்பன இவ்வகையின.

விருந்தினர் முறைமை உண்மைக் கணினியின் சாதனங்களைக் காண்பதில்லை. மெய்நிகராக்கல் மென்பொருள் காட்டும் சாதனங்களையே காண்கின்றது. தாய்ப்பலகையில் எந்த நிறுவனத்தின் வலையமைப்பு அட்டை இருந்தாலும், வேர்ச்சுவல்பொக்ஸ் விருந்தினருக்குக் காட்டுவது ஏ.எம்.டீ. நிறுவனத்தின் பீ.சீ.நெற் அல்லது இன்ரெல் நிறுவனத்தின் புரோ/1000 போன்ற பழைய மாதிரி ஒன்றையே. ஒலி அட்டையும் அவ்வாறே. சவுண்ட் பிளாஸ்டர் 16 கூட அப்பட்டியலில் உண்டு. வேண்டுமென்றே பழைய, பெயர்பெற்ற மாதிரிகளைத் தெரிவு செய்துள்ளனர். அவற்றுக்கான செலுத்திகள் பெரும்பாலான பணிசெயல் முறைமைகளுடன் சேர்ந்தே வருவது இதற்குக் காரணமாகும்.

ஆகவே மேலே கூறிய எக்ஸ்பியின் கண்ணில் ரியல்ரெக் அட்டை படவே இல்லை. இல்லாத சாதனத்துக்குச் செலுத்தி நிறுவிப் பயனில்லை. ரியல்ரெக் செலுத்தி இருக்க வேண்டிய இடம் விருந்தோம்பி முறைமை ஆகும்.

இவ்விதிக்கு முக்கியமான விலக்கு முறைவழியாக்கி. மெய்நிகராக்கலில் விருந்தினரின் கட்டளைகளிற் பெரும்பாலானவை உண்மை முறைவழியாக்கியிலேயே நேரடியாக நிறைவேறுகின்றன. வேகம் குறையாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. எனவே உண்மை முறைவழியாக்கியின் குறை விருந்தினரையும் பாதிக்கும். போலச்செய்தல் என்பது வேறு. அங்கு முறைவழியாக்கியும் மென்பொருளால் ஆக்கப்படும். ஒவ்வொரு கட்டளையும் மொழிபெயர்க்கப்படும். ஆகவே மந்தமாக இயங்கும். 2020 இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்1 முறைவழியாக்கி ஆர்ம் கட்டமைப்பைச் சேர்ந்தது. அதில் எக்ஸ்86 விண்டோசைப் போலச்செய்து இயக்கலாமே தவிர மெய்நிகராக்கி இயக்க முடியாது. இவ்விரு சொற்களையும் பரீட்சையில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

எந்தப் பழுதாயினும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இப்பழுது உண்மைக் கணினியினதா, மெய்நிகர்க் கணினியினதா? விடை தெரிந்த பின்னரே அமைப்புகளில் கைவைக்க வேண்டும்.

முறைவழியாக்கி தொடர்பான பழுது

அறிகுறி ஒன்று: புதிய மெய்நிகர் இயந்திரத்தை ஆக்கும்போது பட்டியலில் 32 பிற்றுப் பதிப்புகள் மட்டுமே தோன்றும்; 64 பிற்று உபுண்டுவைத் தெரிவு செய்ய முடியாது.

அறிகுறி இரண்டு: 32 பிற்று எனத் தெரிவு செய்துவிட்டு 64 பிற்று லினக்ஸ் இறுவட்டைப் போட்டால், தனக்கு எக்ஸ்86-64 முறைவழியாக்கி தேவை என்றும் ஐ686 மட்டுமே காணப்படுகின்றது என்றும் பொருள்படும் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

இதனை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு தேவை. ஒரு கணினியை முறையாக மெய்நிகராக்க அதன் முறைவழியாக்கிக்கு இருக்க வேண்டிய பண்புகளை 1974 இல் பொப்பெக், கோல்ட்பேர்க் என்ற இருவர் வரையறுத்தனர். எக்ஸ்86 முறைவழியாக்கிகள் அப்பண்புகளைப் பூர்த்தி செய்யவில்லை. சிறப்புரிமை இல்லாத நிலையில் நிறைவேற்றும்போது தடைப்பட வேண்டிய சில கட்டளைகள், தடைப்படாமலும் வழு எதையும் அறிவிக்காமலும் வேறுவிதமாக நடந்துகொண்டன. 1999 இல் வெளிவந்த வீ.எம்.வெயார் இக்கட்டளைகளை ஓட்டத்தின்போதே மொழிபெயர்த்துச் சமாளித்தது. பின்னர் இன்ரெல் 2005 இல் வீ.ரீ-எக்ஸ் என்ற வசதியையும், ஏ.எம்.டீ. 2006 இல் ஏ.எம்.டீ-வீ என்ற வசதியையும் முறைவழியாக்கியிலேயே சேர்த்தன. 2019 டிசெம்பரில் வெளிவந்த வேர்ச்சுவல்பொக்ஸ் 6.1 பதிப்பிலிருந்து இவ்வசதி இல்லாத கணினியில் எந்த விருந்தினரையும் இயக்க முடியாது. 32 பிற்று விருந்தினருக்கும் இது பொருந்தும்.

வசதி கிடைக்காமற் போவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, முறைவழியாக்கியில் அது உண்மையாகவே இல்லாதிருத்தல். இதற்கு மாற்று வழியில்லை, வேறு கணினிதான். இரண்டாவது, வசதி இருந்தும் பயோசில் முடக்கப்பட்டிருத்தல். அடிக்கடி காணப்படுவது இதுவே. கணினி தொடங்கும்போது பயோஸ் அமைப்புக்குள் சென்று மெய்நிகராக்கல் என்ற தெரிவை இயலச் செய்ய வேண்டும். சில கணினிகளில் மீள்தொடக்கம் மட்டும் போதாது. மின்னை முற்றாக நிறுத்திப் பின் தொடங்கினால்தான் மாற்றம் பலிக்கும். மூன்றாவது காரணத்தைப் பலர் மறந்துவிடுவர். விருந்தோம்பி விண்டோஸ் 10 அல்லது 11 ஆயின், ஹைப்பர்-வீ அல்லது நினைவகப் பாதுகாப்பு வசதி ஏற்கெனவே இயங்கி வீ.ரீ-எக்சைத் தன்வசம் வைத்திருக்கும். அப்போது வேர்ச்சுவல்பொக்ஸ் இயங்க மறுக்கும். அல்லது சாளரத்தின் அடியில் பச்சை ஆமைச் சின்னத்தைக் காட்டியபடி ஊர்ந்து செல்லும். ஆமையைக் கண்டால் பயோசுக்குப் போக வேண்டாம். விருந்தோம்பியின் அவ்வசதிகளை நிறுத்துவதே தீர்வு.

சோதிக்கும் முறை: விண்டோஸ் 8 இலிருந்து பணி முகாமையாளரின் செயலாற்றுகைத் தாவலில் மெய்நிகராக்கல் இயலச் செய்யப்பட்டுள்ளதா எனக் காட்டப்படும். லினக்சில் முறைவழியாக்கி பற்றிய விபரத்தில் இன்ரெல் ஆயின் வீ.எம்.எக்ஸ் என்றும், ஏ.எம்.டீ. ஆயின் எஸ்.வீ.எம் என்றும் ஒரு கொடி காணப்படும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் 32 பிற்று விண்டோஸ் நிறுவப்பட்ட பழைய கணினிகள் இருப்பின் இன்னொன்றையும் கவனிக்குக. வேர்ச்சுவல்பொக்ஸ் 6.0 இலிருந்து 32 பிற்று விருந்தோம்பிகளில் நிறுவ முடியாது. முறைவழியாக்கி 64 பிற்றாக இருந்தாலும் விருந்தோம்பி முறைமையை மாற்றியே ஆக வேண்டும்.

வன்தட்டுக் கட்டுப்படுத்தி

ஓர் ஆய்வுகூடத்தில் ஒழுங்காக இயங்கிய எக்ஸ்பியின் மெய்நிகர் வன்தட்டுக் கோப்பை மட்டும் பிரதிசெய்து, இன்னோர் இடத்தில் புதிய மெய்நிகர் இயந்திரத்துடன் இணைத்தனர் எனக் கொள்வோம். தொடங்கியதும் நீலத்திரை தோன்றி 0x0000007B என்ற குறியீட்டைக் காட்டுகின்றது. கோப்பு பழுதடைந்துவிட்டது என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் மீள நிறுவத் தொடங்குவோர் உளர். அது வீண் வேலை. ஒரு நாள் செய்முறைப் பயிற்சி கைவிட்டுப் போகும்.

0x7B என்பதன் பொருள், தொடங்குவதற்குரிய வட்டை அணுக முடியவில்லை என்பதாகும். எக்ஸ்பி 2001 இல் வெளிவந்தது. சாட்டா வட்டுகளுக்கான ஏ.எச்.சீ.ஐ. இடைமுகம் 2004 இல்தான் வரையறுக்கப்பட்டது. ஆகவே எக்ஸ்பியின் இறுவட்டில் அதற்கான செலுத்தி இல்லை. பழைய இயந்திரத்தில் வட்டு ஐ.டீ.ஈ. கட்டுப்படுத்தியில் இருந்தது, புதியதில் சாட்டாவில் இணைக்கப்பட்டது. கோப்பில் உள்ள ஒரு பிற்றேனும் மாறவில்லை; அதனைச் சுற்றியுள்ள கணினிதான் மாறிவிட்டது. மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தி, சேமிப்பகம் என்ற அமைப்பில் வட்டைச் சாட்டாவிலிருந்து கழற்றி ஐ.டீ.ஈ. இல் இணைத்தால் எக்ஸ்பி தொடங்கும்.

இவ்வமைப்புகளை மாற்றும்போது இயந்திரம் முற்றாக நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். நிலையைச் சேமித்து மூடியிருந்தால் பெரும்பாலான தெரிவுகள் மங்கலாகவே தெரியும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுக. ஐந்தை ஒன்றாக மாற்றி இயங்கவைத்தவருக்குப் பழுது எதுவென்று கடைசிவரை தெரியாது.

கோப்பைப் பேனைச் செலுத்தியில் கொண்டு செல்வோர் கவனத்துக்கு: அது ஃபற்32 கோப்பு முறைமையில் இருப்பின் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது.

வலையமைப்பு

தொடக்க வினாவுக்கு மீள்வோம். எக்ஸ்பிக்குச் சரியான தீர்வு, அதற்குத் தெரிந்த அட்டையைக் காட்டுவதாகும். 32 பிற்று எக்ஸ்பியில் பீ.சீ.நெற் அட்டைக்கான செலுத்தி உண்டு. இன்ரெல் புரோ/1000 வகையிலும் ரீ சேர்வர் என்ற மாதிரியை எக்ஸ்பி இனங்காணும், எம்.ரீ. டெஸ்க்ரொப் என்ற மாதிரியை இனங்காணாது. விஸ்ராவிலிருந்து நிலைமை தலைகீழ். மைக்ரோசொப்ட் பீ.சீ.நெற் செலுத்தியைக் கைவிட்டதால், விஸ்ராவுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் எம்.ரீ. டெஸ்க்ரொப்பே உகந்தது.

அட்டை இனங்காணப்பட்டும் இணையம் வராவிட்டால் செலுத்தியைக் குறைகூற வேண்டாம். ஐ.பீ. முகவரியைப் பார்க்க. வேர்ச்சுவல்பொக்சில் என்.ஏ.ரீ. முறையில் முதல் அட்டைக்கு வழமையாக 10.0.2.15 கிடைக்கும். 169.254 எனத் தொடங்கும் முகவரி இருப்பின், செலுத்தி இயங்குகின்றது. ஆனால் முகவரி வழங்கும் டீ.எச்.சீ.பீ. சேவையகத்தை அடைய முடியவில்லை என்பது தெளிவு.

திரை, யூ.எஸ்.பீ., நினைவகம்

திரை 800×600 இலேயே நின்றுவிட்டால், விருந்தினரினுள் விருந்தினர் சேர்க்கைகள் எனும் மென்பொருளை நிறுவுக. உண்மைக் கணினியின் திரை அட்டைச் செலுத்தி இங்கும் உதவாது.

யூ.எஸ்.பீ. சாதனத்தை விருந்தினரிடம் ஒப்படைக்கலாம். அப்போது அது விருந்தோம்பியிலிருந்து மறைந்துவிடும், இது பழுதன்று. ஆயினும் யூ.எஸ்.பீ. 3.0 கட்டுப்படுத்திக்கான செலுத்தி எக்ஸ்பியிலோ விண்டோஸ் 7 இலோ இயல்பாக இல்லை. அவற்றுக்கு 2.0 கட்டுப்படுத்தியைத் தெரிவு செய்க.

நினைவகத்தில் மாயம் எதுவும் இல்லை. விருந்தினருக்குக் கொடுப்பது விருந்தோம்பியிடமிருந்து எடுப்பதே. 4 கிகாபைற்றுக் கணினியில் 4 கிகாபைற்றுக் கேட்கும் விண்டோஸ் 11 ஐ விருந்தினராக்க முயல வேண்டாம்.

விண்டோஸ் 11

2021 இல் வெளிவந்த விண்டோஸ் 11, ரீ.பீ.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கட்டாயமாக்கியது. உண்மைக் கணினியில் அச்சில்லு இருந்தும், வேர்ச்சுவல்பொக்ஸ் 6.1 இல் விண்டோஸ் 11 இன் நிறுவல் மறுக்கப்படும். 6.1 விருந்தினருக்கு அதைக் காட்டாமையே காரணம். 2022 இல் வெளிவந்த 7.0 பதிப்பு மெய்நிகர் ரீ.பீ.எம். ஒன்றை ஆக்கிக் கொடுத்தது. ஆகவே அச்சில்லு இல்லாத கணினியிலும் விருந்தினருக்கு அது உண்டு.

2024 இல் வந்த 24எச்2 பதிப்பு, எஸ்.எஸ்.ஈ. 4.2 கட்டளைகள் இல்லாத முறைவழியாக்கியில் தொடங்காது. இதனை எந்த அமைப்பாலும் தீர்க்க முடியாது. ஏனெனில் இது முறைவழியாக்கி. மேலே கூறிய விலக்கு.

மாதிரி வினா

8 கிகாபைற்று நினைவகமும் விண்டோஸ் 10 விருந்தோம்பியும் கொண்ட கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் 7.0 உள்ளது. பின்வரும் ஒவ்வொன்றிலும் பழுது உண்மைக் கணினியினதா, மெய்நிகர் இயந்திரத்தினதா எனக் கூறி, தீர்வு தருக.

(அ) நேற்று வேகமாக இயங்கிய உபுண்டு, விருந்தோம்பியில் ஹைப்பர்-வீ இயலச் செய்த பின் மிக மந்தமாக இயங்குகின்றது.
(ஆ) எக்ஸ்பியில் பீ.சீ.நெற் அட்டை இனங்காணப்பட்டுள்ளது, முகவரி 169.254 எனத் தொடங்குகின்றது; விருந்தோம்பியில் இணையம் உண்டு.
(இ) விண்டோஸ் 7 இல் பேனைச் செலுத்தி தோன்றவில்லை, யூ.எஸ்.பீ. 3.0 தெரிவு செய்யப்பட்டுள்ளது.

விடை

(அ) உண்மைக் கணினி. முறைவழியாக்கியின் மெய்நிகராக்கல் வசதியை ஹைப்பர்-வீ எடுத்துக்கொண்டது. அதனை நிறுத்தி மீளத் தொடங்குக. "பயோசில் இயலச் செய்க" என எழுதின் புள்ளி இல்லை. நேற்று இயங்கியதால் அது ஏற்கெனவே இயலச் செய்யப்பட்டுள்ளது.

(ஆ) மெய்நிகர் இயந்திரம். செலுத்தியில் குறையில்லை. வலையமைப்பு அமைப்பில் கேபிள் இணைக்கப்பட்டது என்ற தெரிவையும் இணைப்பு முறையையும் சோதித்து, என்.ஏ.ரீ. முறைக்கு மாற்றிப் பார்க்க.

(இ) மெய்நிகர் இயந்திரம். விருந்தினரை நிறுத்தி, கட்டுப்படுத்தியை 2.0 ஆக மாற்றுக. பேனைச் செலுத்தியை வேறு துளையில் செருகுவதால் பயனில்லை. விருந்தினர் காண்பது அத்துளையை அன்று.