அடுப்பங்கரையை அளந்தோம்

இவ்வாண்டு மனையியல் பாடத்தில் ‘சமையலறையைத் திட்டமிடுதல்’ என்னும் பகுதி வந்தபோது, அட்டையில் படம் வரைந்து வண்ணம் தீட்டி மதிப்பெண் வாங்கிவிடலாம் என்றுதான் மேல்நிலை முதலாண்டு மாணவியராகிய நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் எங்களில் ஒருத்தியின் வீட்டில் அதே மாதம் உண்மையாகவே அடுப்பங்கரையை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், மனையியல் சிஸ்டர், “அட்டையை வைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போய் அளந்து வாருங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். அங்கே நாங்கள் கற்றதையும் தவறியதையும் இம்மலரில் எழுதுகிறோம். வீட்டில் இத்தகைய வேலை தொடங்க இருக்கும் பெற்றோர்களுக்கும் இது உதவலாம்.

வீடு தூத்துக்குடியில் கடலுக்கு அருகில் உள்ளது. அடுப்பங்கரை பத்தடிக்கு எட்டடி. தோழியின் அம்மா மணமாகி வருவதற்கு முன்பே கட்டிய கடப்பாக்கல் மேடை. கிழக்கே ஒரு சிறிய சன்னல். மேற்கே கூடத்துக்குச் செல்லும் வாசல். தென்கிழக்கு மூலையில் புறவாசல். இதைச் சீரமைக்க இருந்த பணம் முழுவதும் அம்மா நான்கு ஆண்டுகள் கட்டி முடித்த சீட்டுப் பணம். இதில் தவறினால் இன்னொரு முறை இடித்துக் கட்ட வழியில்லை. இதற்கிடையில் அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளாக வலத்தோளில் வலி. தைலம் தேய்ப்பதும், “வயசாகுதுல்லா” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுமாக இருந்தார்கள்.

தோழியின் அண்ணன் கைப்பேசியில் சில படங்களைக் காட்டினார். பளபளக்கும் அலமாரிகள், அடுப்பின்மேல் கண்ணாடிப் புகைபோக்கி, ஆள் புழங்கிய அடையாளமே இல்லாத மேடை. கடையில் வாங்கி வைத்திருந்த விலைப்பட்டியலைப் பார்த்தோம். பாதிக்கு மேற்பட்ட பணம் அலமாரிக் கதவுகளுக்கே போய்விடும் போலிருந்தது. கதவை எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். மேடை, குழாய், சன்னல், மின்கம்பி ஆகியவற்றைப் பின்னால் மாற்றுவதென்றால் சுவரையே உடைக்க வேண்டும். ஆகையால் சுவருக்குள் போவதற்கு முதலில் செலவிட வேண்டும், சுவருக்கு வெளியே நிற்பது காத்திருக்கலாம் என்று முடிவு செய்தோம். அண்ணனுக்கு இதில் அவ்வளவு மகிழ்ச்சியில்லை.

முதல் நாள் அறையின் நீள அகலம், சன்னல், வாசல் அனைத்தையும் அளந்து, அழகாகப் படம் வரைந்து சிஸ்டரிடம் கொடுத்தோம். அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அறை இருக்கிறது, அம்மா எங்கே?” என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள். எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. மறுநாள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் அம்மாவை அளந்தோம். உயரம் நான்கடி பதினோரு அங்குலம். கையை மடக்கி நின்றால் முழங்கை தரையிலிருந்து 37 அங்குலம். மேடையோ 36 அங்குலம்!

இதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். நின்றுகொண்டு காய் நறுக்கவும் மாவு பிசையவும் மேடையானது முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது மனையியலில் பொதுவான விதி. அப்படியானால் இந்த அம்மாவுக்கு 31 முதல் 33 அங்குல மேடையே பொருந்தும். அடுப்பின் கணக்கு வேறு. 36 அங்குல மேடைமேல் ஐந்து அங்குல அடுப்பு, அதன்மேல் எட்டு அங்குலக் குழம்புச் சட்டி என்றால் சட்டியின் விளிம்பு 49 அங்குலத்தில் நிற்கிறது. முழங்கைக்கு ஓரடி மேலே! அகப்பை பிடிக்கும் கை ஒவ்வொரு முறையும் தோளோடு உயர வேண்டும். தோள்வலி முழுவதற்கும் மேடைதான் காரணம் என்று சொல்ல நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆனால் அந்தக் கணக்கைப் போட்ட பிறகு எங்களில் ஒருவருக்கும் “வயசாகுது” என்ற பதில் போதவில்லை.

அமெரிக்க நாட்டுப் பொறியியல் அறிஞர் லில்லியன் கில்பிரெத் அம்மையார் (1878–1972) பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். அடுப்பும் தொட்டியும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று அறிவதற்காக 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டறிந்தவர். மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டியை உருவாக்கியவரும் அவரே என்பார்கள். சமைக்கும் பெண்களையே கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது எங்களுக்குப் பிடித்திருந்தது.

கொத்தனார் அண்ணாச்சியிடம் 32 அங்குலம் என்றதும், “எல்லா வீட்டுக்கும் முப்பத்தாறுதாம்மா, அதான் கணக்கு” என்றார். வாதாடிப் பயனில்லை என்று, முற்றத்தில் கிடந்த செங்கல்லை அடுக்கி அதன்மேல் ஒரு பலகையை வைத்தோம். முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்துநான்கு என்று மாற்றி மாற்றி வைத்து, அம்மாவை ஒவ்வொன்றிலும் வெங்காயம் நறுக்கச் சொன்னோம். முப்பத்திரண்டில் நறுக்கும்போது, “இதுலதான் தோளு சும்மா கெடக்கு” என்றார்கள். அண்ணாச்சி பென்சிலால் சுவரில் கோடு போட்டுவிட்டார். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் இன்னும் மூன்று அங்குலம் தாழ்த்தி 29 ஆக்கினோம். சட்டியின் விளிம்பு இப்போது 42 அங்குலத்துக்கு இறங்கிவிட்டது. பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கம் இதற்கு நேர்மாறு. தொட்டிக்கு எட்டங்குல ஆழம் இருப்பதால், விளிம்பு சற்று உயர்ந்திருந்தால்தான் இடுப்பை வளைக்க வேண்டியிராது, அங்கே 34.

அடுத்தது நடை. ஒரு நாள் காலை, அம்மா இட்லியும் சாம்பாரும் செய்து முடிக்கும்வரை மூலையில் நின்று எண்ணினோம். குளிர்ப்பெட்டி கூடத்தில் இருந்ததால், தேங்காய்க்கு ஒரு நடை, மல்லித்தழைக்கு ஒரு நடை, மாவுக்கு ஒரு நடை. இருநூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டோம். குளிர்ப்பெட்டி, தொட்டி, அடுப்பு ஆகிய மூன்றையும் கோடுகளால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வகுத்த முறைப்படி, இதன் மூன்று பக்கங்களையும் கூட்டினால் 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். குளிர்ப்பெட்டியை வாசலருகிலும், தொட்டியைச் சன்னலடியிலும், அடுப்பைப் பக்கச் சுவரிலுமாக வைத்துப் பார்த்தோம். பதினைந்தரை அடி வந்தது. தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் மூன்றடி வெறும் மேடை விட்டோம். நறுக்குவதும் பிசைவதும் இறக்கி வைப்பதும் அங்கேதான்.

நடையைக் குறைப்பதைப் பற்றிப் பேசும்போது பிராங்க்பர்ட் சமையலறையைச் சொல்லாமல் விட முடியாது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தபோது, அவற்றுக்காக 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிகோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக்கலை அம்மையார் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயில் உணவுப் பெட்டியில் அத்தனை சிறிய இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்து வகுத்த திட்டம் அது. அரிசி, சர்க்கரை முதலியவற்றை அப்படியே எடுத்துச் சாய்த்துக் கொட்ட மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள் அதில் இருந்தன. ஏறத்தாழ 10,000 வீடுகளில் இதை அமைத்தார்கள். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்ததால் 1941 முதல் 1945 வரை சிறையில் இருந்த இந்த அம்மையார், 103 வயது நிறைய ஐந்து நாள் இருக்கையில் 2000-ஆம் ஆண்டு காலமானார். இதை வடிவமைக்கும்வரை தாம் வீட்டில் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார் என்பதைப் படித்து நாங்கள் சிரித்தோம்.

அந்தச் சமையலறையை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளலாகாது. அதில் ஒருவர் நின்றால் மற்றொருவர் நுழைய முடியாது. நம் வீட்டிலோ பாட்டி தரையில் அரிவாள்மணையோடு அமர்ந்திருப்பார். மகள் ஒரு பக்கம் தேங்காய் துருவுவாள். ஆகையால் ‘எல்’ வடிவில் மேடையைக் கட்டி, நடுவில் தரையைக் காலியாக விட்டோம்.

தொட்டி வாங்கக் கடைக்குச் சென்றபோது கடைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டி, “பாருங்க, ஒட்டலை, அசல் ஸ்டீல்” என்றார். இதில் ஏமாந்துவிடக் கூடாது. 304 என்ற தர எண் கொண்ட எவர்சில்வரில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. விலை குறைந்த 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது! ஆனால் உப்பு அதற்கு எளிதில் பகை. புள்ளி புள்ளியாகத் துருப் பிடிக்கும். உப்புக்காற்றும் உவர்நீரும் உள்ள எங்கள் ஊரில் தர எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்குவதுதான் பாதுகாப்பு. தொட்டியின் அடியில் குழாயை வளைத்து அமைக்கும் ‘டிராப்’ வேண்டாம், அடைத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். அந்த வளைவில் எப்போதும் நிற்கும் நீர்தான் சாக்கடை நாற்றத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. கழற்றிக் கழுவும்படியான டிராப் வாங்கினால் போதும்.

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். ஆகவே சிலிண்டரைக் கதவு போட்ட அலமாரிக்குள் வைப்பவர்கள் அக்கதவின் அடியிலேயே காற்றுத் துளைகள் விட வேண்டும். நாங்கள் அங்கே கதவே வைக்கவில்லை. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இதற்காக 29 அங்குலத்தில் சிலிண்டர் நிற்குமா என்று அளந்து பார்த்துக்கொண்டோம். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது மாற்றிவிட வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

புகைபோக்கி பற்றி அண்ணனுக்கும் எங்களுக்கும் நடந்த விவாதம் நீண்டது. வெளியே குழாய் விடாத வகைப் புகைபோக்கி எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் வடிகட்டிவிட்டு, வெப்பத்தை அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறது. குழாய் விடும் வகைக்குப் பணம் போதவில்லை. முடிவில் சன்னலைப் பெரிதாக்கி, அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி வைத்தோம். காற்று உள்ளே வர வழி இருந்தால்தான் விசிறியால் வெளியே தள்ள முடியும். அதற்கும் அந்தச் சன்னலே உதவியது.

மின்கருவிகளில் ஒரு சிறிய வகுத்தல் கணக்கு போதும். 2,000 வாட் மின்காந்த அடுப்பை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் வருகிறது. அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் வேண்டும். மிக்ஸிக்கு ஆறே போதும். பிளக் பாயிண்ட் எதுவும் குழாய்க்கு அருகில் வரலாகாது. குளிர்ப்பெட்டி வாங்குவோர் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், அதே சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் படிக்க வேண்டும். பெரிய பெட்டி ஐந்து நட்சத்திரம் பெற்றும் சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் இழுக்கலாம். இந்த வீட்டில் பழைய பெட்டியே நன்றாக ஓடியதால் அதையே சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டோம்.

சாமான் வைக்கும் இடத்துக்கு, இருக்கும் பாத்திரங்களையெல்லாம் கூடத்தில் பரப்பினோம். அன்றாடம் கைபடுபவை ஒரு பாயில் அடங்கிவிட்டன. மீதி இரண்டு பாய்களில் இருந்தவை பண்டிகைக்கும் விருந்துக்கும் மட்டும் வெளிவருபவை. ஒரு பாய் மட்டும் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தட்டுகளில், கனமானவை மேடையின் கீழே, மற்றவை பரணில். தொட்டியின் கீழ் மரப்பலகை கூடாதென்று கடப்பாக்கல் தட்டு வைத்தோம். அஞ்சறைப்பெட்டி மட்டும் எந்த அலமாரிக்கும் கட்டுப்படவில்லை. அடுப்பின் வலப்பக்கத்தில் அதன் பழைய இடத்திலேயே அமர்ந்துவிட்டது.

மேடைக்கு கிரானைட் பதித்து, பூச்சு முடிந்து, நாங்கள் எங்கள் படத்தையும் கட்டி முடித்ததையும் ஒப்பிட்டுப் பெருமையோடு நின்றிருந்தபோது அம்மா, “கிரைண்டரை எங்க பிள்ளைகளா வைக்கணும்?” என்று கேட்டார்கள். எங்கள் ஏட்டில் மிக்ஸி இருந்தது, குளிர்ப்பெட்டி இருந்தது, நாளைக்கு வாங்கப்போகும் மின்காந்த அடுப்புகூட இருந்தது. வாரந்தோறும் மாவு ஆட்டும் கிரைண்டர் இல்லை! நாங்கள் அளந்த நாட்களில் அது கூடத்து மூலையில் துணி மூடிக் கிடந்தது. கல்லோடு சேர்ந்து பத்துக் கிலோவுக்குக் குறையாத அதை வாரந்தோறும் தரையிலிருந்து மேடைக்குத் தூக்கியது எந்தக் கை என்று அப்போதுதான் கேட்டோம். வலக்கையைத் தாங்கித்தான் தூக்குவார்களாம்.

கொத்தனார் அண்ணாச்சிதான் வழி சொன்னார். தொட்டிக்காக கிரானைட்டில் வெட்டி எடுத்த துண்டு முற்றத்தில் சாய்ந்து கிடந்தது. புறவாசலருகே, கழுவிய நீர் வெளியேறும் இடத்தில், ஒன்றரை அடி உயரத்துக்கு இரண்டு வரிசை செங்கல் கட்டி அதன்மேல் அந்தத் துண்டை வைத்தார். கிரைண்டர் அங்கேயே நிற்கிறது. முக்காலியில் அமர்ந்தபடி ஆட்டி, அங்கேயே கழுவிவிடலாம். பிளக் பாயிண்டுக்காகப் புதிதாகப் பூசிய சுவரை மறுபடி கொத்த வேண்டியதாயிற்று. வெள்ளையடித்த பிறகும் அந்த இடம் ஒரு கோடாகத் தெரிகிறது.