ஆபரேஷனுக்கு முன் கிடைக்கும் ஆறு வாரம்

இடுப்புவலி நம் தொழிலோடு கூடப் பிறந்தது. விடியற்காலையில் சரக்கு இறக்குவது முதல் இரவு கல்லாவைப் பூட்டும் வரை முதுகுக்கு ஓய்வில்லை. கல்மண்டபத்திலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் மளிகைக்கடை வைத்திருப்போரில் இதை அறியாதவர் குறைவு. பெரும்பாலோருக்கு மருந்திலும் பயிற்சியிலுமே குணம் கிடைத்துவிடும். சிலருக்கு மட்டும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்த, வலி கால் வரை இழுத்து, விஷயம் ஆபரேஷன் வரை போகிறது. இக்கட்டுரை அவர்களுக்கானது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தவுடன், "இனி அசையக் கூடாது" என்று வீட்டார் கட்டிலில் படுக்க வைத்துவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் சில வாரம் படுத்தாலே தொடையும் வயிற்றுத் தசையும் இளைத்துவிடும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது 1950-ல். அந்நாட்களில் முதுகில் கத்தி வைத்தால் நீண்ட படுக்கைதான். இன்றோ பெரும்பாலும் மறுநாளே எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். நிற்பதற்கு வலு வேண்டாமா?

டென்மார்க்கில் முதுகெலும்பு ஆபரேஷனுக்குக் காத்திருந்த 60 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2010-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு 6 முதல் 8 வாரம் முன்கூட்டியே உடற்பயிற்சி. ஆபரேஷன் முடிந்ததும் சீக்கிரமே நடைப்பயிற்சி. மற்றவர்கள் 7 நாளில் வீடு திரும்ப, இவர்கள் 5 நாளில் திரும்பினார்கள். பண்டிகை நெருக்கத்தில் கடையைப் பிறரிடம் விட்டுப் போனவருக்கு இந்த இரண்டு நாளின் அருமை தெரியும்.

கூட்டிச் சொல்லக் கூடாது. சுவீடனில் 197 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், முன்பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஆபரேஷன் ஆன 3 மாதத்தில் அன்றாட நடமாட்டச் சிரமத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்கள் கூடுதலாக நடந்து உழைக்கும் பழக்கத்தோடு இருந்தார்கள். ஆகவே பயிற்சி, ஆபரேஷனுக்கு மாற்று அல்ல.

"நாள் முழுக்க மூட்டை தூக்குகிறேனே, இதைவிடவா உடற்பயிற்சி?" என்று நம்மவர் கேட்பதுண்டு. குனிந்தபடியே உடம்பைத் திருப்பிச் சிப்பத்தைத் தூக்கும்போது பாரமெல்லாம் கீழ் இடுப்பின் டிஸ்க்கில் விழுகிறது. களைப்பு வரும், முதுகைத் தாங்கும் தசைக்கு முறையான பலம் வராது. கல்லாவில் மணிக்கணக்காக உட்காருவதும் அதே கதைதான். டாக்டர் சம்மதித்தால் காலையும் மாலையும் தாங்குமளவு நடக்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே வேண்டாம். தியாகராஜர் கோயில் பிராகாரமோ, ராயபுரம் அண்ணா பூங்காவோ (பழைய ராபின்சன் பூங்கா) போதும். கால் வலித்தால் நின்று, உட்கார்ந்து, மறுபடி நடக்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது தொடைக்கு நல்லது. படுக்கையிலிருந்து எழும் முறையையும் முன்பே பழக வேண்டும்: உடம்பை முறுக்காமல் ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுவது. ஆபரேஷன் ஆன மறுநாள் தையல் வலியோடு இதைப் புதிதாகக் கற்பது பெரும்பாடு. எந்தப் பயிற்சி, எத்தனை தடவை என்பதை ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் கேட்டறியலாம். புத்தகம் பார்த்து நாமாகச் செய்யக் கூடாது.

பீடி, சிகரெட்டை இந்த வாரங்களிலேயே விட வேண்டும். புகை, எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண்ணில் சீழ் பிடிக்கும் அபாயம் அதிகம்.

சிறுநீர் திடீரென அடைத்துக்கொண்டாலோ, தானே ஒழுகினாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொய்ந்தாலோ, பயிற்சி, குறித்த நாள் எதற்கும் காத்திருக்க வேண்டாம். கடையை அப்படியே விட்டுவிட்டு, அந்த நேரமே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், நள்ளிரவானாலும்.